கத்தி இருக்கா சார்?

ஆண்பிள்ளைகளின் பாக்கெட்டைப் பற்றி யாராவது ஆராய்ச்சி செய்தால் தாராளமாக டாக்டர் பட்டம் வாங்கலாம். ஒரு காலத்தில் அதில் என்னதான் இல்லை? பேனா, சீப்பு, சீசன் டிக்கெட், சில்லறை, குட்டி டைரி, டைரிக்குள் பழனி முருகன், முருகனுக்குப் பின்னால் மனைவிக்குத் தெரியாத ஐம்பது ரூபாய் நோட்டு. இப்போது அத்தனையும் செல்போனுக்குள் போய்விட்டன. டிக்கெட் அதில், பணம் அதில், டார்ச் லைட் அதில், முருகனும் அதில். சீப்பு மட்டும்தான் போகவில்லை. அதற்குப் பதிலாக முடி போய்விட்டது.

ஆனால் பாருங்கள், எத்தனை ஆயிரம் கொட்டிக் கொடுத்து வாங்கிய செல்போனாக இருந்தாலும் ஒரு கொய்யாப்பழத்தை நாலாக நறுக்க அதற்குத் துப்பில்லை. அதற்கென்று என் பாக்கெட்டில் தனியாக ஒரு ஆசாமி குடியிருக்கிறார். பேனாக்கத்தி!

அஸ்தினாபுரத்துக்காரன் கையில் ஆயுதமா என்று உடனே பாரதப் போரை நினைத்துக்கொள்ள வேண்டாம். மடக்கினால் மூன்று அங்குலம். விரித்தால் தெரியும் அலகு இரண்டரை அங்குலம். மரப்பிடி, பித்தளை ஆணி. எங்கள் தெரு மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசில் வைத்துப் பார்த்தேன். 42 கிராம். கடைக்காரர் பக்கத்தில் ஒரு முட்டையை வைத்தார். முட்டை கனமாக இருந்தது.

இந்த 42 கிராமுக்குத்தான் வீட்டில் அவ்வளவு ரகளை. முதல் நாள் துணி துவைக்கப் போட்ட பேன்ட்டிலிருந்து அது 'டங்'கென்று விழுந்தபோது என் சகதர்மிணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியது யாரோடு என்கிற பார்வை. அப்பா பேப்பரை இறக்காமலேயே கேட்டார்: "யாரைடா குத்தப் போறே?"

அப்பாவைச் சொல்லிக் குற்றமில்லை. நம் சினிமாக்காரர்கள் செய்த வேலை அது. கத்தியை மடக்கி வைத்திருப்பவன் வில்லனின் கையாள், கழுத்தில் கர்ச்சீப், கன்னத்தில் மச்சம் என்று ஐம்பது வருஷமாகக் காட்டிவிட்டார்கள். இந்தி சினிமாவில் இன்னும் மோசம். உத்தரப்பிரதேசத்து ராம்பூரில் செய்யும் மடக்குக் கத்தியை, 'ராம்பூரி' என்ற பெயரே கிலி கொடுக்கும்படி ஆக்கிவிட்டார்கள். அந்த ஊர்க்காரர்கள் அதற்கெல்லாம் வெட்கப்படவில்லை. 2023-ல் ஊர் நாற்சந்தியில் இருபதடி நீளத்தில் ஒரு ராம்பூரிக் கத்தியைச் சிலையாகவே நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் 'பேனாக்கத்தி' என்ற பெயரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குத்துகிற சாமானுக்கு யாராவது பேனா என்று பெயர் வைப்பார்களா? பேனா என்பதே போர்த்துக்கீசியர் நமக்கு விட்டுவிட்டுப் போன வார்த்தை. அவர்கள் பாஷையில் அதற்கு இறகு என்று அர்த்தம். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் வாத்து இறகைச் சீவித்தான் எழுதினார்கள். நாலு பக்கம் எழுதினால் முனை மழுங்கும். மறுபடி சீவ வேண்டும். அதற்காக எழுத்து வேலை பார்த்தவர்கள் எல்லோரும் பையில் ஒரு சின்னக் கத்தி வைத்திருந்தார்கள். ஆக, பேனாக்கத்தி என்பது ரவுடி சாமான் இல்லை சார். கிளார்க் சாமான்! நம் ஜாதி!

வெள்ளைக்காரனுக்கு மட்டும்தானா என்றால், அதுவும் இல்லை. நம்மிடம் மடக்கெழுத்தாணி என்று ஒன்று இருந்தது. பனையோலையில் எழுத எழுத்தாணி வேண்டும். ஓலையின் ஓரத்தை வாருவதற்குக் கத்தி வேண்டும். இரண்டையும் தனித்தனியாகத் தூக்கிக்கொண்டு அலைவானேன் என்று ஒரே பிடியில் ஒரு பக்கம் எழுத்தாணி, மறுபக்கம் கத்தி, இரண்டையும் உள்ளே மடக்கிக்கொள்கிற மாதிரி கொல்லர்கள் செய்து கொடுத்தார்கள். தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரம்' எழுதும்போது குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்று இந்த வகைகளை எல்லாம் ஞாபகமாகச் சொல்லியிருக்கிறார். 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்தது அது. புலவர்கள் மடியில் மடக்குக் கத்தி இருந்தது என்றால், என் பாக்கெட்டில் இருக்கக் கூடாதா? அப்பாவிடம் இதைச் சொன்னேன். "அவா புலவா. நீ?" என்றார். மேற்கொண்டு வாதம் செய்யவில்லை.

நான் இதை வாங்கியது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில். குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன். அந்தச் சந்தையில் கிடைக்காத சாமான் கிடையாது. பழைய டைப்ரைட்டர், ஒற்றைக் கால் செருப்பு, ரோஜாச் செடி, யாரோ ஒருவருடைய கல்யாண போட்டோ ஃப்ரேம் உட்பட எல்லாம் உண்டு. ஸ்பானருக்கும் ஸ்குரூ டிரைவருக்கும் நடுவில் படுத்திருந்தது இது. தம்முடைய கம்பெனிப் பெயர் தேய்ந்துபோய் அனாதையாக இருந்தது. 200 சொன்னார். 120-க்குக் கொடுத்தார். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. பி.காம். படித்த புத்தி சும்மா இருக்குமா? தேய்மானம் போட்டுப் பார்த்தேன். பத்து வருஷம், 3,650 நாள், 120 ரூபாய். நாளொன்றுக்கு மூணேகால் பைசா. என் வீட்டில் இவ்வளவு சல்லிசாக வேலை செய்கிறவர்கள் வேறு யாரும் இல்லை. நான் உட்பட.

பிற்பாடுதான் எனக்கு இன்னொரு விஷயம் தெரிந்து புல்லரித்துப் போனது. இதே பல்லாவரத்தில்தான் 1863-ம் வருஷம் மே மாதம் 30-ம் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்கிற வெள்ளைக்காரப் புவியியல் ஆசாமி, செம்மண் சரளைக்குள் கையளவு கல் ஒன்றைக் குனிந்து எடுத்தார். ஓரம் இருபுறமும் செதுக்கிய கல். ஆதிமனிதனின் கைக்கோடரி! இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சியே அந்தக் கல்லில்தான் ஆரம்பம். அதே வருஷம் திருவள்ளூர் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் இப்படிக் கருவிகள் கிடைத்தன. அவற்றுக்கு வயது 15 லட்சம் வருஷம் வரை போகும் என்று 2011-ல் கணக்குச் சொன்னார்கள். ஆக, நம் பேட்டையில் மனுஷன் சட்டை போடுவதற்கு முன்னாலேயே, பாக்கெட் என்று ஒன்று வருவதற்கு முன்னாலேயே, கையில் கத்தி வைத்திருந்திருக்கிறான்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? பல்லாவரத்துக்கு அடுத்த ஸ்டேஷன் திரிசூலம். எதிரே விமான நிலையம். ஒரு ஸ்டேஷனில் கத்தி கண்டெடுத்தார்கள். அடுத்த ஸ்டேஷனில் பிடுங்கிக்கொள்கிறார்கள்!

பிடுங்குவது நியாயம்தான். 2001 செப்டம்பர் 11-க்கு முன்னால் அமெரிக்காவில் நாலு அங்குலத்துக்குக் குறைவான கத்தியோடு விமானத்தில் ஏறலாம் என்று இருந்தது. அந்த ஒரு நாளோடு அது முடிந்தது. 2013-ல் சின்னக் கத்திகளை மறுபடி விடலாம் என்று யோசித்தார்கள். விமானப் பணிப்பெண்கள் கொதித்து எழுந்ததும் மூன்றே மாதத்தில் கைவிட்டார்கள். அவர்கள் பயம் அவர்களுக்கு. பூட்டிய பெட்டிக்குள் முப்பதாயிரம் அடி உயரத்தில் வேலை பார்ப்பவர்களிடம் போய் மடக்கெழுத்தாணி கதை பேச முடியாது.

தரைக்கு வருவோம். இந்தக் கத்தியால் நான் எதை வெட்டுகிறேன்? ஒரு மாசம் நோட்டுப் போட்டு எழுதிப் பார்த்தேன். பற்று, வரவு மாதிரி 'சொந்த உபயோகம்', 'பிறர் உபயோகம்' என்று இரண்டு பத்தி. மாசக் கடைசியில் கூட்டினால், நாலில் மூன்று பங்கு பிறர் உபயோகம்! கத்தி என்னுடையது, காரியம் எல்லாம் ஊராருடையது.

ரயிலில் எதிர் சீட்டு அம்மா. மடியில் குழந்தை, கையில் சிப்ஸ் பாக்கெட். 'இங்கே கிழிக்கவும்' என்று அம்புக்குறி போட்டிருக்கிறான். அம்புக்குறி போட்ட இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் கிழியும் என்பது உங்களுக்கே தெரியும். அந்த அம்மா பல்லால் கடித்துப் பார்க்கிறார். குழந்தை வீறிடுகிறது. கம்பார்ட்மென்ட்டே கவலையோடு பார்க்கிறது. நான் ஒரு ஓரம் சீவிக் கொடுத்தேன். குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. என் மாமனார்கூட என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை.

நான் முன்பு வேலை பார்த்த ஆபீஸில், கட்டுக்கட்டாக வவுச்சர். நூல் கட்டைப் பிரிக்க, கூரியர் கவரைத் திறக்க, பென்சில் சீவ, புதுச் சட்டையில் தொங்கும் நூலை வெட்ட, யாருக்கு என்ன வேண்டுமானாலும் என் மேஜைக்கு வந்து, "கத்தி இருக்கா சார்?" பிறந்த நாள் என்றால் கேட்கவே வேண்டாம். கேக்கோடு ஒரு பிளாஸ்டிக் கத்தி தருவார்கள். அது கேக்கின் மேலே எழுதியிருக்கும் பெயரைக்கூட அழிக்காது. மெழுகுவர்த்தி உருகி ஓட, மானேஜர் கையில் பிளாஸ்டிக் கத்தி இரண்டாக உடைய, எல்லோரும் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்புவார்கள். என் பெயர் தெரியாதவர்களுக்குக்கூட என் பாக்கெட் தெரிந்திருந்தது.

2015 டிசம்பர் வெள்ளம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். டிசம்பர் 2-ம் தேதி காலையோடு முடிந்த இருபத்துநாலு மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை. எங்கள் பக்கம் தண்ணீர் வடிய ஆரம்பித்ததும், எங்கெங்கோ இருந்து முகம் தெரியாதவர்கள் லாரியில் அனுப்பிய மூட்டைகள் வந்து இறங்கின. பாய், போர்வை, பிஸ்கட், பால் பவுடர். எல்லாம் நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டியவை. ஈரத்தில் முடிச்சு கல்லாகிவிட்டது. கரண்ட் இல்லை. இருட்டில் யார் வீட்டு அரிவாள்மணையைத் தேடுவது? அந்த இரண்டு நாள் என் பேனாக்கத்தி தெரு முழுக்கக் கை மாறியது. எந்தக் கையில் இருக்கிறது என்று நான் தேடவும் இல்லை. மூன்றாம் நாள் காலையில், காம்பவுண்ட் சுவர்த் தகராறில் எங்களோடு நாலு வருஷம் பேசாமல் இருந்த பக்கத்து வீட்டுக்காரர், அதைத் துடைத்து மடக்கிக் கொண்டுவந்து நீட்டினார். கத்தியைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள் நம் வீடுகளில். கீழே வைத்துத்தான் எடுக்க வேண்டுமாம். எங்களுக்குள் சண்டை ஏற்கெனவே இருந்ததால், கையில் வாங்கியதும் போய்விட்டது.

இவ்வளவு நடந்தும் அப்பா மசியவில்லை. "உன் ரவுடி சாமான்" என்றுதான் சொல்லுவார். அவருக்கு நெஞ்சில் லேசாக வலி வந்து ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வாசலில் செக்யூரிட்டி என் பாக்கெட்டைத் தடவிப் பார்த்து, கத்தியை வாங்கி டிராயரில் போட்டுவிட்டு, ஒரு டோக்கன் கொடுத்தார். சட்டம் என்றால் சட்டம். மாடிக்குப் போனேன். பக்கத்துக் கட்டிலில் பல்லில்லாத ஒரு தாத்தா. துணைக்கு இருந்த பாட்டி, கையில் ஒரு ஆப்பிளை வைத்துக்கொண்டு உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முதல் வார்த்தை: "தம்பி, கத்தி இருக்கா?"

டோக்கனை எடுத்துக்கொண்டு இறங்கினேன். செக்யூரிட்டி, தன் பார்சல் சாப்பாட்டுச் சணலை என் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கொஞ்சமும் கலங்கவில்லை. "நல்லா வெட்டுது சார்" என்று சர்டிபிகேட் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். "மேல கொண்டு போகக் கூடாது சார், எங்க வேலை போயிடும். பழத்தை இங்க எடுத்துட்டு வாங்க, இங்கயே வெட்டிக்கலாம்" என்றார். மறுபடி ஏறி, ஆப்பிளை வாங்கி, இறங்கி, அவர் மேஜையில் வைத்துத் தோல் சீவி, மெல்லிய வில்லைகளாக நறுக்கி, டிபன் மூடியில் அடுக்கினேன். இரண்டு வில்லை செக்யூரிட்டிக்கு. மிச்சம் மாடிக்கு. தாத்தா ஈறால் மென்று மென்று சாப்பிட்டார். அப்பா கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு, ராத்திரி ஒரு மாத்திரையில் பாதி மட்டும் போடச் சொல்லியிருந்தார் டாக்டர். அப்பா பல்லால் கடித்துப் பார்த்தார். ஒரு நாள் முக்கால், ஒரு நாள் கால், ஒரு நாள் வெறும் பவுடர். நாலாம் நாள் ராத்திரி சாப்பாடு முடிந்து, தண்ணீர் டம்ளரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்: "டேய், அந்தக் கத்தியைக் கொண்டா."

அன்றிலிருந்து ராத்திரி ஒன்பது மணிக்கு அது எங்கள் வீட்டு வழக்கம். கத்தியைக் கழுவித் துடைத்து, மாத்திரையை ஒரு தட்டில் வைத்து, நடுக்கோட்டின் மேல் அலகை வைத்து ஒரு அழுத்து. 'டிக்'கென்று இரண்டாகும். ஒரு பாதி அப்பாவுக்கு. மறுபாதியை அதே அட்டையில் வைத்து மூடி நாளைக்கு. (நடுவில் கோடு போட்ட மாத்திரையை, டாக்டர் சொன்னால் மட்டும் வெட்டுங்கள். மெதுவாகக் கரைவதற்கென்றே செய்த மாத்திரையைப் பாதியாக்கினால் மருந்து மொத்தமும் ஒரே அடியாக இறங்கிவிடும்.) என் கத்தி செய்யும் வேலைகளிலேயே சின்ன வேலை இதுதான். கை நடுங்காமல் செய்ய வேண்டிய வேலையும் இதுதான். இரண்டு பாதியும் சமமாக இருக்கிறதா என்று அப்பா கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்ப்பார். ஒரு நாள்கூட "ரொம்ப நல்லா இருக்கு" என்று சொன்னதில்லை. ஆனால் போன சரஸ்வதி பூஜைக்கு, புத்தகங்களோடு அரிவாள்மணையும் கத்தரிக்கோலும் வைத்த இடத்தில் என் பேனாக்கத்தியும் இருந்தது. நெற்றியில் சந்தனம், குங்குமம். வைத்தது நானில்லை.

சரி, உங்களுக்கும் ஒன்று வாங்க ஆசை வந்திருக்கும். சில யோசனைகள். உள்ளங்கையில் அடங்குவதாக வாங்குங்கள். கனம் தெரியக் கூடாது. கனமாக இருந்தால் பத்தாம் நாள் அலமாரிக்குப் போய்விடும். பட்டனைத் தட்டினால் 'படக்'கென்று பாயும் வகையறா வேண்டவே வேண்டாம். டெல்லியில் 1980-லேயே அவற்றுக்குக் கட்டுப்பாடு போட்டுவிட்டார்கள். மத்திய அரசின் ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள்தான் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. அதிலும் வீட்டு வேலை, விவசாய வேலைக்கானவற்றுக்கு விலக்கு உண்டு. இல்லாவிட்டால் நம் அரிவாள்மணைகளை எல்லாம் எப்போதோ கைது செய்திருப்பார்கள். அதற்காக ராத்திரி ரோந்து போலீஸ்காரரிடம் போய்ச் சட்டம் பேசாதீர்கள். கேட்டால் மரியாதையாக எடுத்துக் கொடுத்து, எதற்கு வைத்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். விமானம், கோர்ட், மாநாடு என்றால் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். எலுமிச்சம்பழம் நறுக்கினால் உடனே கழுவித் துடைத்து ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். தெருவில் சைக்கிளை நிறுத்திச் சாணை பிடிப்பவர் வந்தால் விடாதீர்கள். மழுங்கிய கத்திதான் வழுக்கி விரலை வெட்டும். கூரான கத்தி சொன்ன இடத்தில் போகும்.

சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்ஸ்னர் என்பவர் 1891-ல் தம் நாட்டுச் சிப்பாய்களுக்கு மடக்குக் கத்தி செய்து கொடுக்க ஆரம்பித்தார். அந்தக் கம்பெனிதான் இன்றைய விக்டோரிநாக்ஸ். உலகத்திலேயே பேர்போன பேனாக்கத்தி. அவர்களே 2024-ல் ஒரு சமாசாரம் சொன்னார்கள். ஊருக்கு ஊர் கட்டுப்பாடு அதிகமாவதால், அலகே இல்லாத பாக்கெட் கத்தி தயாரிக்கப் போகிறார்களாம்! கத்தியில்லாத கத்தி. டிகாக்‌ஷன் இல்லாத காபி மாதிரி. உலகம் நம்மை நம்பாமல் போவது எனக்குப் புரிகிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. ஆனால் அந்தக் கத்தியை வைத்துக்கொண்டு ராத்திரி ஒன்பது மணிக்கு நான் என்ன செய்வது?

ஆகவே, கிடைக்கிற காலத்திலேயே ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வாரத்தில் பாருங்கள், இதுவரை உங்களிடம் பேசாதவர்களெல்லாம் உங்கள் மேஜைக்கு வருவார்கள். ஒன்று மட்டும் ஜாக்கிரதை. "இதோ ஒரு நிமிஷத்துல தர்றேன் சார்" என்று வாங்கிக்கொண்டு போவார்கள். கூடவே போய், காரியம் முடிந்ததும் கையோடு வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

போன கை திரும்பாது என்பதில் அது அசல் பேனாவேதான்!